செய்யாதே பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன்

முதுகெலும்பில் இரண்டு எலும்பு நசுங்கிய பிறகு, இனி கிரேன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு முன் பத்தொன்பது வருடம் நான் கிரேனுக்குக் கைகாட்டுகிறவன். அடிபட்டவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் ஒப்பந்தம். அதன்படி அந்தோஃபகாஸ்தா நகரத்தில் இருக்கும் சுரங்கத் தொழிலாளர் விபத்து நிதியம் என்னைத் தன் கட்டடத்தின் பதினோராம் மாடியில் உட்கார வைத்தது. என் கோப்பில் 'எச்சரிக்கைப் பலகைகள் எழுதிய அனுபவம் உண்டு' என்று யாரோ குறித்திருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து என்னை வடிவமைப்பு முறைமைத் துறையின் ஆவணப் பொறுப்பாளர் ஆக்கினார்கள்.

அந்தத் துறை என்ன செய்கிறது என்று எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று. நிதியத்துக்கு இருபது செயலிகள். ஒவ்வொன்றையும் ஒரு குழு செய்கிறது. ஒரு குழு பட்டனை வட்டமாகப் போடும், இன்னொரு குழு சதுரமாகப் போடும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று பட்டன், நிறம், எழுத்து, கட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து வைத்து, எதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதியும் வைத்தார்கள். எல்லாக் குழுக்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்குக் கையேடு என்று பெயர். கணினிக்குள் இருப்பது.

தப்பான யோசனை இல்லை. கிரேன் வேலையிலும் 'நிறுத்து' என்பதற்கு எல்லாச் சுரங்கத்திலும் ஒரே கைதான். ஆளாளுக்கு ஒரு கை காட்டினால் யாராவது செத்துப்போவார்கள். ஆனால் நாங்கள் மொத்தமே இருபதுக்குள் சைகையை வைத்துக்கொண்டு முப்பது டன்னைத் தூக்கி இறக்கினோம். இங்கே பட்டனுக்கு மட்டும் நாற்பத்தொரு பக்கம். பதினேழாம் பக்கம், பட்டன் ஏன் ஒரு வாக்குறுதி என்பதைப் பற்றியது. அதை எழுதியது நான்தான். எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீருக்கு உட்கார்ந்தபோது நில்டா விஷயத்தைச் சொன்னாள். நில்டா என் மனைவி. மலைமேல் தாமிரத் தாதுவை ஆசிட்டில் கரைக்கும் ஆலையில் பம்பு வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள். ஏழு நாள் மேலே, ஏழு நாள் கீழே. ஒவ்வொரு பம்பு வரிசைக்கும் இரும்புக் கூட்டில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். அதில் நிதியத்தின் உதவிச் செயலி. அழுத்தினால் மலைமேலேயே நிற்கும் ஆம்புலன்ஸ் வரும். பழைய செயலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. கையேடு பிறப்பதற்கு முன்பு யாரோ செய்தது. கையேட்டில் இல்லை என்பதால் புதுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, கையேட்டுப் பட்டனைப் போட்டிருந்தார்கள். நகத்தளவு இருக்கும். வெளிர் ஊதா. அந்த நிறத்தின் பெயர் 'மென்மையான உறுதி'.

நில்டா ரொட்டியைப் பிய்த்து அவகாடோவை அப்பிக்கொண்டே கேட்டாள்: "ஏ கிழவா, உன் ஆபீஸ்ல பட்டன் செய்யறவங்களுக்குக் கையில விரல் இருக்கா, ஊசி இருக்கா?"

"ஏன்?"

"புதுசு வரப்போகுதுன்னு மேல ஒத்திகை வச்சாங்க. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. குத்தறேன், குத்தறேன், ஒண்ணும் நடக்கல. நாலாவது குத்துக்கு என்ன வந்துச்சு தெரியுமா? 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'னு கேக்குது."

"எத்தனை குடுத்த?"

"அஞ்சு. கை பட்ட இடத்துல அஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் கையுறையைக் கழட்டிட்டு அழுத்தினேன். அழுந்திருச்சு. உடனே ஃபோர்மேன் ஓடியாந்து, கையுறையை ஏன் கழட்டினேன்னு எழுத்துல எச்சரிக்கை குடுத்துட்டான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாக ஆசிட் தெறித்தால் கையுறையின் வெளிப்பக்கம் முழுக்க ஆசிட்தான். கழற்றினால் கை போகும். கழற்றாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். புதுப் பதிப்பு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா ஆலைகளுக்கும் போகிறது. நில்டா புதன் காலை பஸ்ஸில் மேலே போகிறாள்.

"வியாழக்கிழமைக்குள்ள மாத்திடறேன்."

"நீயா? நீ அங்க கமா போடற ஆளுய்யா."

"மாத்தறேன்னு சொல்றேன்ல."

"சரி, சரி. தேநீர் ஆறுது, குடி."

திங்கட்கிழமை துறைத் தலைவி கொன்ஸ்தான்சாவிடம் போனேன். முப்பத்திரண்டு வயது. அவர் யாரிடமும் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் பெயர் ரமிரோ; வயதுக்கு மரியாதையாக முன்னால் ஒரு 'தோன்' போடுவார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தோன் ரமிரோ, நீங்க இதை எங்கிட்ட கொண்டு வந்தது எனக்கு எவ்வளவு நிறைவா இருக்கு தெரியுமா?"

"அப்ப பெரிய பட்டனைச் சேர்த்துடலாமா?"

"கண்டிப்பா சேர்க்கலாம். புதுசா ஒண்ணு கையேட்டுக்குள்ள வரணும்னா, மூணு குழு அதை ஏற்கெனவே பயன்படுத்திட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

"கையேட்டுல இல்லாததை எந்தக் குழுவும் பயன்படுத்தக் கூடாதுன்னு போன மாசம் நான்தானே எழுதினேன்?"

"ரொம்ப அழகா எழுதியிருந்தீங்க."

"அப்ப மூணு குழு எப்படி..."

"அதுதான் இதோட அழகே. கையேடு தன்னைத்தானே காப்பாத்திக்குது." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மன்றம் கூடுது. உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம் வாங்கித் தரேன்."

செவ்வாய்க்கிழமை நில்டாவின் கையுறையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கையேட்டில் எது சேரலாம் என்று தீர்மானிக்கும் மன்றத்தில் ஒன்பது பேர். நடுவில் இயக்குநர் பெனாவெந்தே. கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்ததும் எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

கொன்ஸ்தான்சா சுவரில் ஐந்து அட்டைகளை ஒட்டினார். நிதியத்தின் செயலிகள் யாருக்காகச் செய்யப்படுகின்றனவோ அந்த ஐந்து கற்பனை மனிதர்கள். முதல் அட்டையில் பெர்னார்தித்தா, இருபத்தொன்பது வயது, சைக்கிள் ஓட்டுவாள், காலையில் தியானம்.

"இந்த அஞ்சு பேர்ல கையுறை போடறவங்க யாரு?" என்று கேட்டார் பெனாவெந்தே.

வெகுநேரம் பார்த்துவிட்டு கொன்ஸ்தான்சா சொன்னார்: "பெர்னார்தித்தா. குளிர் காலத்துல."

"அவங்களுக்குப் பட்டன் அழுந்துதா?"

"குளிர் காலத்துல அவங்க வெளிய போறதில்ல, சார்."

"அப்ப பிரச்சினை இல்ல." பெனாவெந்தே எழுந்து நின்றார். அவர் எழுந்தால் மற்றவர்கள் பேனாவைக் கீழே வைப்பது அங்கே வழக்கம். "தோன் ரமிரோ, உங்க உணர்ச்சியை மதிக்கறேன். நான் ஒரு சுரங்கத்துக்குள்ளயும் கால் வச்சதில்ல. அதனாலதான் என் பார்வை நடுநிலையா இருக்கு. முதல்ல சிவப்பு. சிவப்பைப் பார்த்தா விபத்து ஞாபகம் வருது. நாம விபத்து நிதியம். விபத்தை ஞாபகப்படுத்தறதா நம்ம வேலை? அடுத்தது அளவு. அவ்வளவு பெருசா, அவ்வளவு வசதியா வச்சா கண்டவனும் அழுத்துவான். போன வருஷம் அந்தப் பழைய பட்டனை நூத்திப் பதினாலு பேர் அழுத்தியிருக்காங்க. புதுப் பட்டனை ஒத்திகையில எத்தனை பேர் அழுத்தினாங்க?"

"கிட்டத்தட்ட யாருமே இல்ல சார்," என்றார் கொன்ஸ்தான்சா.

"விபத்து தொண்ணூறு சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு! இதைவிட ஒரு முன்னேற்றத்தை யாராவது காட்டுங்க பாப்போம்."

கை தட்டினார்கள். மாற்றுக் கருத்து சொல்ல நான் கையைத் தூக்கினேன். கை தூக்கக் கூடாதாம். மாற்றுக் கருத்தை ஊதாச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊதாச் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. மஞ்சள் சீட்டில் எழுதலாமா என்று கேட்டேன். மஞ்சள், பாராட்டு எழுத மட்டும்தானாம். ஊதாச் சீட்டு வாங்கக் கோரிக்கை போன ஏப்ரலில் கொடுத்தாயிற்று என்றார்கள்.

மீதி இரண்டு மணி நேரம் பட்டன் மேல் இருக்கும் 'உதவி' என்ற சொல்லைப் பற்றிப் பேசினார்கள். அது அழுத்துகிறவரைப் பலவீனராகக் காட்டுகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். 'உடனிருப்பின் தருணம்' என்று மாற்றத் தீர்மானம் ஆயிற்று. நகத்தளவு பட்டனுக்குள் அத்தனை எழுத்து நுழையாது என்பதால், எழுத்தே இல்லாமல் விட்டுவிடலாம் என்று அடுத்த தீர்மானம். என் கோரிக்கையை ஆராய மார்ச் மாதத்தில் ஒரு துணைக்குழு. அப்போது நடந்தது அக்டோபர்.

புதன் காலை ஏழு மணிக்கு நில்டாவை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "என்ன ஆச்சு?"

"பேசிட்டு இருக்காங்க."

"அப்ப நான் விரலைக் கொஞ்சம் தீட்டி வச்சுக்கறேன்," என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஆபீஸில் எல்லோரும் பரபரப்பாக இருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்குக் கையேட்டுத் தணிக்கை. மூலையில் மகாலி மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து சோளப் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர் இருக்கும் துறையில் பட்டனை நிஜமாகச் செய்கிற ஆள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள்.

"தோன் ரமிரோ, மூஞ்சி ஏன் செத்த மீன் மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்வாசல் வழியா உங்க பட்டன் இந்த ஜென்மத்துல போகாது. பின்னாடி ஒரு கதவு பூட்டாம இருக்கு. பாத்திருக்கீங்களா?"

கையேட்டில் ஒவ்வொரு பொருளின் கடைசியிலும் இரண்டு பெட்டிகள் உண்டு. பச்சைக் கோடு போட்டது 'செய்'. அதில் சரியான உதாரணம். சிவப்புப் பெருக்கல் குறி போட்டது 'செய்யாதே'. அதில் தவறான உதாரணம். இரண்டும் வெறும் படமாக இருக்கக் கூடாது, எடுத்துப் பொருத்தினால் வேலை செய்ய வேண்டும் என்பது தணிக்கை விதி. 'செய்' பெட்டிக்கு ஏழு பேர் ஒப்புதல் தர வேண்டும். 'செய்யாதே' பெட்டிக்கு யாரும் வேண்டாம். தப்பானதை யார் சரிபார்ப்பார்கள்?

"பட்டன் பக்கத்துல செய்யாதே பெட்டி ஏழு மாசமா காலியா கிடக்கு," என்றாள் மகாலி. "அசிங்கமா ஒண்ணு வரையச் சொன்னா இவங்களுக்குக் கை வர மாட்டேங்குது. பழைய சிவப்புப் பட்டனோட நிரல் எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீங்க எழுதுங்க, நான் ஒட்டறேன்."

அந்த நேரத்தில் கொன்ஸ்தான்சாவே ஓடி வந்தார். "தோன் ரமிரோ, செய்யாதே பெட்டி! நாலு மணிக்குள்ள ஏதாவது தப்பா ஒண்ணு வேணும். நல்லாத் தப்பா இருக்கணும்."

எழுதினேன். அளவு, நிறம், எழுத்து எல்லாம் துல்லியமாக. கீழே காரணம் எழுத வேண்டும். அதையும் எழுதினேன்: 'இப்படிச் செய்யாதே. இது முப்பது மீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். தடித்த கையுறையோடும் அழுந்தும். நனைந்த கையாலும் அழுந்தும். பயத்தில் நடுங்குகிறவர்கூடத் தவறவிட முடியாது. கீழே உதவி என்று எழுதியிருப்பதால், எதற்கு என்று யாரும் யோசிக்க வேண்டியிராது.'

கொன்ஸ்தான்சா படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். "கொடூரமா இருக்கு. அற்புதம். எங்கேயிருந்து பிடிச்சீங்க இதை?" நான்கு நிமிடத்தில் கையேட்டில் ஏறிவிட்டது.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. தலைநகர் சாந்தியாகோவில் இருக்கும் ஏரியேலுக்கு ஃபோன் செய்தேன். உதவிச் செயலிக் குழுவின் தலைவன். அவனுடைய புதுப் பதிப்பை பட்டன் கண்ணுக்கே தெரியவில்லை என்று ஆலைப் பாதுகாப்பு ஆய்வாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது முறையும் திருப்பினால் வெளியீடு நின்றுவிடும்.

"ஏரியேல், பட்டன் பக்கம், கடைசியில வலது பெட்டியைப் பாருங்க."

"பாத்துட்டேன், தோன் ரமிரோ. இதைப் போட்டா அந்த ஆய்வாளர் என்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுப்பாரு. ஆனா இது செய்யாதே பெட்டியில இருக்கே?"

"ஆமா."

"ஆனா கையேட்டுக்குள்ள இருக்கு."

"இருக்கு."

"விதி என்ன சொல்லுது? எதையும் கையேட்டுல இருந்து மட்டும்தான் எடுக்கணும். எந்தப் பெட்டியில இருந்துன்னு சொல்லுதா?"

"நான்தான் எழுதினேன். சொல்லல."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு நானும் ஒரு முத்தம் குடுக்கறேன்," என்று ஃபோனை வைத்தான்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வெளியீட்டு விழா. வெளிர் ஊதாவில் பூச்சு பூசிய கேக். கடைசிப் பத்து விநாடியைக் கூட்டமாகக் கத்தி எண்ணினார்கள். பெரிய திரையில் புதுச் செயலி திறந்தது. திரையின் பாதியை அடைத்துக்கொண்டு சிவப்பு.

கேக் வெட்டும் கத்தியோடு பெனாவெந்தே அப்படியே நின்றார்.

"இது யாரு?" என்றார். பட்டனைக் கேட்டாரா, செய்தவனைக் கேட்டாரா தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் மன்றம் கூடியது. பட்டனைக் கையேட்டிலிருந்து எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். கையேட்டிலிருந்து ஒன்றை நீக்க வேண்டுமானால் ஆறு வாரம் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் செயலியை, முன்பு தீர்மானித்தபடி, நகத்தளவு பட்டனுக்குத் திருப்ப ஒரே ஒரு படிவம் போதும். இருபத்தாறு பக்கம். அதில் சம்பந்தப்பட்ட பக்கத்தின் ஆவணப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பெனாவெந்தே பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போடாதவருக்கு இந்தக் கட்டடத்துல உட்கார்ந்து செய்யற வேலை கிடையாது. நின்னு செய்யற வேலை உங்க முதுகுக்கு ஆகாது. யோசிச்சுக்கோங்க."

"படிச்சுட்டுப் போடறேன் சார்," என்றேன்.

மறுக்க முடியவில்லை. படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்பதும், படிக்கும்போது சந்தேகம் வந்தால் மன்றம் கூடித் தீர்க்க வேண்டும் என்பதும் கையேட்டின் மூன்றாம் பக்கம். எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் சந்தேகம் வந்தது. 'திருப்புதல்' என்றால் என்ன என்று கேட்டேன். வியாழன் மாலை வரை போயிற்று. 'நகத்தளவு' யாருடைய நகம் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க அதற்கு. அவர்களுக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் விசித்திரம். இவ்வளவு ஈடுபாட்டோடு அவர்களை யாரும் கேள்வி கேட்டதில்லை. கொன்ஸ்தான்சா குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். பெனாவெந்தே மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நில்டா கீழே இறங்கப் புதன்கிழமை ஆகும்.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இருபத்துநான்காம் பக்கத்தை முடித்தேன். கேட்க என்னிடம் கேள்வி தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது, பட்டனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று காட்டும், சுவரில் இருந்த எண்ணிக்கைத் திரை ஒருமுறை மின்னியது. பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று. பக்கத்தில்: இரண்டாம் ஆலை, ஆறாம் பம்பு வரிசை.

ஆறாம் வரிசை நில்டாவுடையது.

ஃபோனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பாத்தீங்களா!" பெனாவெந்தே விரலைத் திரைப் பக்கம் நீட்டினார். "நாலு நாள் ஆகல, அதுக்குள்ள ஒருத்தர் அழுத்திட்டாங்க. வசதி பண்ணிக் குடுத்தா இப்படித்தான்."

"இதை அழுத்தல்னு கணக்குல சேர்க்க முடியாது சார்," என்றார் கொன்ஸ்தான்சா. "ஒப்புதல் இல்லாத பட்டன். முறைப்படி அது இல்லாத பட்டன். இல்லாத பட்டனை எப்படி அழுத்த முடியும்?"

"அப்ப ஆம்புலன்ஸ்?"

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. அதை எந்தத் தலைப்புல போடறதுன்னு பேசணும்."

மீண்டும் அடித்தேன். எடுக்கவில்லை. எழுந்தேன்.

"தோன் ரமிரோ, ரெண்டே பக்கம்தான் பாக்கி," என்றார் பெனாவெந்தே. "நீங்க இப்ப வெளிய போனா அது ராஜினாமா இல்ல, அதைவிட மோசம். ஒழுங்கா உக்காருங்க."

படிவத்தை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் மகாலி நின்றாள். முகத்தில் கிண்டல் இல்லை.

"படியில போங்க. லிஃப்ட் மூணாவது மாடியில நிக்குது, வராது."

பதினோரு மாடி. ஒவ்வொரு படியும் முதுகில் ஆணி அடித்தது. மலையிலிருந்து ஆம்புலன்ஸ் நகரத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு முன்னால் அது வந்திருக்காது என்று தெரிந்தும் ஓடினேன்.

சுரங்கத்தில் அடிபட்டவர்களைக் கொண்டு வரும் நிதியத்தின் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி வரை தீக்காயப் பிரிவின் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே விட்டார்கள். நில்டா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது தொடையிலிருந்து முழங்கால் வரை கட்டு. முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தேன்.

"எண்ணிக்கோ," என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "பம்போட மூடி தெறிச்சுடுச்சு. என்கூட இருந்தவ சாப்பிடப் போயிருந்தா. நடக்க முடியல, தரையில இழுத்துக்கிட்டே போனேன். போய் உள்ளங்கையால ஒரு அறை விட்டேன். உன் இயக்குநரோட கன்னம்னு நினைச்சுக்கிட்டேன்."

"எத்தனை நேரத்துல வந்தாங்க?"

"ஒன்பது நிமிஷம். அதுக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டேன். தோல்தான் போச்சு, காலு இருக்கும்னு டாக்டர் சொல்றாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ என்ன ஆபீஸ் நேரத்துல இங்க? கக்கத்துல என்ன பேப்பரு?"

"அந்தப் பட்டனை எடுக்கற படிவம். இது இல்லாம எடுக்க முடியாது. புதுசு அடிக்கணும்னா அதுக்கு ஒரு கூட்டம் போடணும்."

"வேலை போச்சா?"

என் ஃபோனில் கொன்ஸ்தான்சாவின் கடிதம் வந்திருந்தது. அன்பான கடிதம். மூன்று இடத்தில் நன்றி சொல்லியிருந்தார்.

"போச்சுன்னுதான் தீர்மானம். ஆனா என்னை அனுப்பறதுக்கு முறைப்படி ஒரு ஆவணம் வேணுமாம். காரணம், விளக்கம், உதாரணம் எல்லாம் சேர்த்து நாப்பது பக்கம். அது முடியற வரைக்கும் சம்பளம் உண்டு."

"யாரு எழுதணும்?"

"ஆவணப் பொறுப்பாளர்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, வலித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நில்டா மெல்லத் திரும்பித் தலையணையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள்.

"மெதுவா எழுது," என்றாள்.